100% போனஸ் மைல்ஸ் சேல்: இப்போது வாங்கலாமா, விட்டுவிடலாமா?

ஜன்னலோரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு விமான நிறுவனத் திட்டத்தில் என் கணக்கில் 42,000 மைல்ஸ் (டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளக்கூடிய புள்ளிகள்) கிடக்கிறது, பெரும்பாலும் ஆபீஸ் பயணங்களில் சேர்ந்தது. இன்னும் பத்து மாதம் கழித்து அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரு நீண்ட பயணம் போக வேண்டும். போகிறது இரவு விமானம், அம்மாவுக்கு எழுபது வயது, முழங்காலை மடக்கியபடி ராத்திரி முழுக்க உட்கார முடியாது. அதனால் போகும்போது மட்டுமாவது பிசினஸ் கிளாஸ் எடுக்கலாம் என்று யோசனை. திரும்புவது பகல் விமானம், அதற்கு எகானமி போதும்.

இந்த நேரம் பார்த்து, மைல்ஸைக் காசு கொடுத்து வாங்கினால் "100% வரை போனஸ்" என்று மெயில் வந்திருக்கிறது, இன்னும் நான்கு நாள்தான் என்று ஒரு கடிகாரம் வேறு ஓடுகிறது. போனஸ் இல்லாத விலை மைலுக்கு 3.5 சென்ட். 20,000-க்குக் கீழே வாங்கினால் 40% போனஸ், 20,000-லிருந்து 70%, 50,000-லிருந்து 100%. நான் பார்த்த பார்ட்னர் விமானத்தில் (திட்டத்தோடு கூட்டு வைத்திருக்கும் வேறொரு நிறுவனம்) பிசினஸ் ஒன்வேக்கு ஆளுக்கு 65,000 மைல்ஸ், வரி சுமார் 90 டாலர். இரண்டு பேருக்கு 1,30,000 வேண்டும், கையில் இருப்பது போக 88,000 குறைகிறது. 50,000 வாங்கினால் ஒரு லட்சமாக வந்துவிடும், செலவு 1,750 டாலர். இதே டிக்கெட்டைக் காசு கொடுத்து எடுத்தால் ஆளுக்கு 3,100 டாலர். வரியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒரு மைலுக்கு 4.6 சென்ட் மதிப்பு வருகிறது. 1.75-க்கு வாங்கி 4.6-க்குச் செலவழிப்பது லாபம்தானே? இல்லை, நான் பார்க்காமல் விட்டது ஏதாவது இருக்கிறதா?


நடுசீட்டு எழுதியது:

முதலில் ஒரே ஒரு கேள்வி. அந்தத் தேதியில் அந்த விமானத்தில் இரண்டு அவார்டு சீட், அதாவது மைல்ஸ் கொடுத்து எடுக்கிற சீட், இருக்கிறதா, தேடிப் பார்த்தீர்களா? 65,000 என்பது திட்டத்தின் அட்டவணையில் இருக்கும் எண், சீட் இருந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். பார்ட்னர் விமானங்களில் பிசினஸ் கிளாஸ் அவார்டு ஒன்றோ இரண்டோதான் திறப்பார்கள், சில நாள் ஒன்றுமே இருக்காது. பெரும்பாலும் 330 முதல் 360 நாளுக்கு முன்னால் காலண்டர் திறக்கும்போது கொஞ்சம் விடுவார்கள், அப்புறம் கிளம்புவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது விற்காமல் மிஞ்சியதை விடுவார்கள். நீங்கள் பத்து மாதம் முன்னால் இருக்கிறீர்கள், முதல் அலை ஏற்கெனவே போயிருக்கலாம். அம்மாவை வைத்துக்கொண்டு கடைசி நிமிட சீட்டுக்குக் காத்திருப்பதும் சரிவராது.

சீட் தெரிந்தாலும் இன்னொரு தளத்தில் சரிபாருங்கள். அதே அலையன்ஸில் (விமான நிறுவனங்களின் கூட்டணி) இருக்கும் வேறொரு திட்டத்தின் தளத்தில் அதே விமானம், அதே தேதி காட்டுகிறதா பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் தெரிந்தால் அது பெரும்பாலும் பேய் சீட்டுதான், புக் செய்யப் போகும்போது எர்ரர் வரும். எனக்கு அப்படி ஒரு திட்டத்தில் நடந்திருக்கிறது, கால் சென்டர் ஆளும் தன் திரையில் சீட் தெரிகிறது என்கிறார், ஆனால் டிக்கெட் மட்டும் வரவே இல்லை. நல்லவேளை, அன்றைக்கு நான் மைல்ஸ் எதுவும் வாங்கியிருக்கவில்லை.


கணக்குப்பிள்ளை எழுதியது:

நடுசீட்டு சொன்னது முதல் வேலை. நான் அந்த 4.6 சென்ட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் விற்கிறவர்கள் நம்மைப் போட வைக்கிற கணக்கு அதுதான்.

3,100 டாலர் கொடுத்து நீங்கள் அந்த டிக்கெட்டை வாங்குவீர்களா? வாங்குவீர்கள் என்றால் 4.6 சரி, இப்போதே போய் வாங்குங்கள், மேலே படிக்க வேண்டாம். வாங்க மாட்டீர்கள் என்றால் அந்த 3,100 உங்கள் கணக்கில் வரவே கூடாது. மைல்ஸ் இல்லையென்றால் உண்மையில் எந்த டிக்கெட் எடுத்திருப்பீர்களோ அதோடுதான் ஒப்பிட வேண்டும். எகானமியா, பிரீமியம் எகானமியா, அதன் விலை என்ன?

இரண்டாவது, கையில் இருக்கும் மைல்ஸை இலவசம் போலச் சேர்த்திருக்கிறீர்கள். இந்த டிக்கெட்டில் அவற்றில் 30,000 கரைகிறது. வேறு எங்காவது அவற்றை வைத்து ஒரு டிக்கெட் எடுத்திருக்கலாம் அல்லவா, மைலுக்கு 1.2 சென்ட் என்று குறைவாகப் போட்டாலும் 360 டாலர்.

மூன்றாவது, உங்களுக்குத் தேவை 88,000, கிடைப்பது ஒரு லட்சம். 44,000 வாங்கி இரட்டிப்பாக்கினால் சரியாக 88,000 வந்திருக்கும், ஆனால் 100% தட்டு 50,000-ல்தான் தொடங்குகிறது. மீதி 12,000 மைல்ஸுக்கு நீங்கள் 210 டாலர் கொடுக்கிறீர்கள். தட்டு அங்கே வைக்கப்பட்டிருப்பது தற்செயல் இல்லை.

அப்புறம், 40% போனஸ் என்பது 40% தள்ளுபடி அல்ல. 3.5-ஐ 1.4-ஆல் வகுத்தால் 2.5, அதாவது விலை 28.6% தான் குறைகிறது. 70% போனஸில் 2.06. 100% போனஸ் என்றால் பாதி விலை, அவ்வளவுதான். பெரிய எழுத்தில் இருக்கும் சதவீதத்தைப் பார்க்காமல் ஒரு மைலுக்கு எத்தனை சென்ட் என்று மட்டும் பாருங்கள்.


ஜன்னலோரம் எழுதியது:

நன்றி, இரண்டு பேருக்கும். நேற்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். நாங்கள் கிளம்ப நினைத்த வெள்ளிக்கிழமை ஒரு சீட்தான் காட்டுகிறது. அதற்கு முந்தைய புதன்கிழமை இரண்டு சீட் இருக்கிறது, இன்னொரு தளத்திலும் அதே இரண்டு தெரிகிறது.

கேட்ட விலைகள்: ஒன்வே எகானமி ஆளுக்கு 620, பிரீமியம் எகானமி 1,150. உண்மையைச் சொன்னால் 3,100 கொடுக்க மாட்டேன். அம்மாவுக்காக என்றாலும் பிரீமியம் எகானமி வரைதான் போவேன்.

வெள்ளிக்கிழமையே போய் அந்த ஒரு சீட்டில் அம்மாவை மட்டும் முன்னால் உட்கார வைத்துவிட்டு நான் எகானமியில் போனால் என்ன?


கணக்குப்பிள்ளை எழுதியது:

சரி, இப்போது கணக்கு தெளிவாக இருக்கிறது.

இருவரும் பிசினஸ்: 1,750, வரி 180, கையிலிருந்து போகும் 30,000 மைல்ஸுக்கு 360. மொத்தம் 2,290 டாலர். இந்தப் பணம் பல திட்டங்களில் டாலரில்தான் வசூலாகும், உங்கள் கார்டு வேறு நாணயத்தில் இருந்தால் மாற்றுக் கட்டணம் 2-3% தனி, அதையும் ஒரு 50 என்று வையுங்கள். பிரீமியம் எகானமி இருவருக்கும் 2,300. கிட்டத்தட்ட ஒரே பணம், ஆனால் படுத்துத் தூங்குகிற சீட். எகானமியோடு ஒப்பிட்டால் 1,240 தான், அதாவது ஆளுக்கு ஐந்நூறு டாலருக்கு மேல் கூடுதலாகக் கொடுத்து ஒரு ராத்திரித் தூக்கத்தை வாங்குகிறீர்கள். முழங்கால் வலி இருக்கிறவருக்கு அது நியாயமான செலவு என்றே எனக்குப் படுகிறது. ஆனால் கேள்வி அதுதான், 1.75-க்கு வாங்கி 4.6-க்கு விற்கிற வியாபாரம் இதில் எங்கேயும் இல்லை.

அம்மா மட்டும் பிசினஸ் என்றால் 23,000 தான் குறைகிறது. 17,000 வாங்கினால் 40% போனஸோடு 23,800 வரும், செலவு 595 டாலர். 70% வேண்டும் என்று 20,000 வாங்கினால் 700. தேவை தீர்ந்துவிட்டது என்றால் 595 தான் மலிவு, போனஸ் சின்னதாக இருந்தாலும்.


எப்போதும்லவுஞ்ச் எழுதியது:

ஒரு சின்னத் திருத்தம், கணக்குப்பிள்ளை. 17,000 வாங்கினால் 23,800, 20,000 வாங்கினால் 34,000. கூடுதலாக 105 டாலருக்கு 10,200 மைல்ஸ், மைலுக்கு ஒரு சென்ட்தான் ஆகிறது. இந்த சேலில் எவருக்கும் கிடைக்காத விலை அது. தட்டின் ஓரத்தில் நிற்கும்போது மேல் தட்டுக்கு ஏறுவது சில சமயம் சரிதான், அந்த மீதியைச் செலவழிக்க வழி இருந்தால்.

பொதுவாகவே இங்கே மைல்ஸ் வாங்குவதை ஒரு பாவம் மாதிரிப் பேசுகிறீர்கள். நான் சேல் வரும்போதெல்லாம் வாங்குகிறவன். உதாரணத்துக்கு லைஃப்மைல்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், அவியாங்கா என்ற கொலம்பிய விமான நிறுவனத்தின் திட்டம், வருடத்தில் பலமுறை போனஸ் விற்பனை நடக்கும், ஸ்டார் அலையன்ஸ் விமானங்களில் செலவழிக்கலாம், ஃப்யூவல் சர்சார்ஜும் (டிக்கெட்டோடு தனியாகச் சேர்க்கும் எரிபொருள் கட்டணம்) வசூலிப்பதில்லை. லுஃப்தான்சா பிசினஸ் டிக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், சர்சார்ஜை அப்படியே தலையில் கட்டுகிற ஒரு திட்டத்தில் எடுத்தால் ஒன்வேக்கே சில நூறு டாலர் தனியாகப் போகும், இதில் போகாது. வாங்கிய மைல்ஸில்தான் நான் பிசினஸ் கிளாஸையே பார்த்தேன், சம்பளத்தை வைத்துப் பார்த்திருக்க முடியாது.


பழைய_போர்டிங்பாஸ் எழுதியது:

எப்போதும்லவுஞ்ச் சொல்வதில் ஒன்று எனக்கு எதிர்வாதமாகவே உதவுகிறது. வருடத்தில் பலமுறை சேல் வரும் என்றால் அந்தக் கடிகாரத்துக்கு என்ன மரியாதை? சேல் விலைதான் உண்மையான விலை, 3.5 சென்ட் என்பது யாரும் கொடுக்கக் கூடாத விலை. இந்த நான்கு நாள் போனால் இரண்டு மூன்று மாதத்தில் இன்னொரு நான்கு நாள் வரும். கணக்குக்குக் கணக்கு போனஸும் வேறுபடும், உங்களுக்கு 100 காட்டும் அதே நாளில் இன்னொருவருக்கு 70 காட்டும், கொஞ்ச நாள் வாங்காமல் இருக்கிறவர்களுக்கு நல்ல ஆஃபர் வருவதையும் பார்த்திருக்கிறேன்.

சீட் கண்ணில் படாமல் முன்கூட்டியே வாங்கி வைப்பதைப் பற்றிக் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். யுஎஸ் ஏர்வேஸ் ஒரு காலத்தில் அடிக்கடி 100% போனஸ் விற்பார்கள், வரியோடு சேர்த்து மைலுக்கு 1.88 சென்ட் வரும், அதை வைத்து பார்ட்னர்களில் பிசினஸ் போனவர்கள் நிறைய. 2015-ல் அந்தத் திட்டமே அமெரிக்கன் ஏர்லைன்ஸின் அட்வான்டேஜோடு கலந்துவிட்டது. அதே 2015-ல் டெல்டா தன் அவார்டு அட்டவணையைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டது, எத்தனை மைல்ஸ் என்பது தேடும் நேரத்தில்தான் தெரியும் என்றாகிவிட்டது. யுனைடெட் 2019-ல் அதே வழிக்கு வந்தது. 2016 மார்ச் கடைசியில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் எமிரேட்ஸ் ஃபர்ஸ்ட் கிளாஸுக்கான மைல்ஸை முன்னறிவிப்பே இல்லாமல் ஏற்றியது, சில தடங்களில் ஒரு லட்சம் இரண்டு லட்சமானது. அதற்காகவே வாங்கிச் சேர்த்து வைத்தவர்கள் தூங்கி எழுந்து பார்த்தால் கையில் இருப்பது பாதி டிக்கெட்.

அது விலை ஏறிய கதை, இன்னொன்று முழுசாகப் போன கதை. 2017 ஆகஸ்டில் ஏர் பெர்லின் திவால் மனு போட்டது, சில நாளிலேயே அதன் டாப்போனஸ் திட்டம் மைல்ஸ் சேர்ப்பதையும் செலவழிப்பதையும் நிறுத்தியது.

கோர்ட்டுக்குப் போகலாமே என்பவர்களுக்கு: நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் ஒருவரைத் தன் திட்டத்திலிருந்து நீக்க, அவர் வழக்குப் போட, 2014-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீதிபதிகள் அத்தனை பேரும் ஒருமித்து விமான நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. விதிமுறையைப் படித்தால் மைல்ஸ் நம் சொத்தே இல்லை என்று எழுதியிருப்பார்கள், பணம் கொடுத்து வாங்கினாலும் அதே விதிதான்.

நிறுவனங்கள் ஏன் இவ்வளவு ஆர்வமாக விற்கின்றன என்பதற்கு ஒரு எண். 2020 ஜூனில் விமானங்கள் எல்லாம் தரையில் நின்றபோது யுனைடெட் தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கியது. அந்தத் திட்டத்துக்கு அவர்கள் சொன்ன மதிப்பு சுமார் 21.9 பில்லியன் டாலர். தாங்களே அச்சடித்து, தாங்களே விலை வைத்து, பிறகு மதிப்பையும் தாங்களே குறைத்துக்கொள்ளக்கூடிய நோட்டு அது.


எப்போதும்லவுஞ்ச் எழுதியது:

இதையெல்லாம் மறுக்கவில்லை. அதனால்தான் நான் ஒரு டிக்கெட்டுக்கு மேல் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை. லைஃப்மைல்ஸ் 12 மாதம் எந்த நடவடிக்கையும் இல்லையென்றால் காலாவதி, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைல்ஸுக்கு சேர்ந்த நாளிலிருந்து மூன்று வருடம், நடவடிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும். வாங்குவதும் செலவழிப்பதும் ஒரே மூச்சில் நடந்தால் நீங்கள் சொல்லும் கதைகள் எதுவும் நம்மைத் தொடாது. ஜன்னலோரத்துக்குச் சீட் கண்ணெதிரே இருக்கிறது, இது அந்த வகை.


நடுசீட்டு எழுதியது:

அந்தப் புதன்கிழமை இரண்டு தளத்திலும் தெரிகிறது என்றால் நல்ல செய்தி. வாங்குவதற்கு முன்னால் கவனிக்க வேண்டிய சில்லறை விஷயங்கள்: உங்கள் திட்டத்துக்கு போன் செய்து, மைல்ஸ் வரும்வரை சீட்டைப் பிடித்து வைப்பார்களா என்று கேளுங்கள். சில திட்டங்கள் வைப்பார்கள், நிறையப் பேர் வைப்பதில்லை. வாங்கிய மைல்ஸ் பெரும்பாலும் சில நிமிடத்தில் வந்துவிடும், ஆனால் 72 மணி நேரம் வரை ஆகலாம் என்று விதியில் எழுதியிருப்பார்கள், புதிய கார்டு, பெரிய தொகை என்றால் சரிபார்ப்புக்காக நிறுத்தியும் வைப்பார்கள். பணம் பறிபோகாது, சீட் போய்விடலாம். வங்கிக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

விமானச் செலவுக்கென்று கார்டு தரும் கூடுதல் பாயிண்ட்ஸ் வருமே என்று கணக்கில் சேர்க்காதீர்கள். பல திட்டங்களுக்கு இந்த விற்பனையை நடத்துவது பாயிண்ட்ஸ் என்ற தனி நிறுவனம், அதனால் ஸ்டேட்மென்டில் விமான டிக்கெட் செலவாக அது பதிவாகாது.

கேன்சல் செய்தால் மைல்ஸ் மைல்ஸாகத்தான் திரும்பும், கட்டணம் பிடித்துக்கொண்டு. 1,750 டாலர் திரும்ப டாலராக வரவே வராது. அம்மாவின் உடல்நிலையால் பயணம் தள்ளிப்போக வாய்ப்பு இருக்கிறதென்றால் அந்தக் கட்டணம் எவ்வளவு என்று இப்போதே பாருங்கள்.

பார்ட்னர் விமானம் என்பதால் நேர மாற்றம், ரத்து எது நடந்தாலும் கிளம்புகிற நாள் வரை டிக்கெட் கொடுத்த திட்டத்திடம்தான் மல்லுக்கட்ட வேண்டும், விமானம் ஓட்டுகிறவர் அங்கே போ என்பார்.


ஜன்னலோரம் எழுதியது:

அம்மாவிடம் தனியாக முன்னால் உட்காருவதைப் பற்றிக் கேட்டேன். "பக்கத்தில் யாரென்றே தெரியாத ஆளோடு ராத்திரி முழுக்க நான் படுத்துக்கொள்வதா, நீயும் வந்தால் வா, இல்லையென்றால் எனக்குப் பின்வரிசைச் சீட்டே போதும்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அதனால் 595 டாலர் வழி அடைபட்டது.

திட்டத்துக்கு போன் செய்தேன், சீட்டைப் பிடித்து வைக்க மாட்டார்களாம். கேன்சல் கட்டணம் ஆளுக்கு 75 டாலர், அது பரவாயில்லை. புதன்கிழமை கிளம்ப இரண்டு நாள் கூடுதல் லீவு வேண்டும், ஆபீஸில் கேட்டிருக்கிறேன், நாளை மறுநாள் தெரியும். கிடைத்தால் அன்றைக்கே சீட் இன்னும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு 50,000 வாங்கி உடனே புக் செய்வேன். லீவு கிடைக்கவில்லை என்றாலோ சீட் போய்விட்டது என்றாலோ வெள்ளிக்கிழமை பிரீமியம் எகானமி, சேல் எப்படி இருந்தாலும் வாங்க மாட்டேன். மீதியாகும் 12,000-ஐ என்ன செய்வது என்று அப்புறம் கேட்கிறேன்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

சரியான முடிவு. பிரீமியம் எகானமி எடுக்க நேர்ந்தால் அதில் கொஞ்சம் மைல்ஸ் சேரும் என்பதையும் மறக்காதீர்கள், அவார்டு டிக்கெட்டில் பொதுவாக ஒன்றும் சேராது. என் கணக்கில் நான் அதைப் போடவில்லை. போட்டால் பிசினஸைவிட பிரீமியம் எகானமி இன்னும் கொஞ்சம் மலிவாகத் தெரியும்.


பழைய_போர்டிங்பாஸ் எழுதியது:

ஒரு விஷயத்தை யாரும் கேட்கவில்லை. உங்கள் கணக்கிலிருந்து அம்மாவுக்கு டிக்கெட் எடுக்கத் தடை ஏதும் இருக்கிறதா? கிரிஸ்ஃப்ளையர் மாதிரித் திட்டங்களில் யார் யாருக்கு எடுக்கலாம் என்று ஐந்து பேர் வரை முன்பே பதிந்து வைக்க வேண்டும், கொரியன் ஏர், ஜப்பானின் ஏஎன்ஏ போன்றவற்றில் குடும்பத்தினருக்கு மட்டும்தான், அதற்குச் சான்றும் கேட்பார்கள். உங்கள் திட்டத்தில் அப்படி இருந்தால் பதிவை லீவு பதில் வருவதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள், பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர் எழுத்து மாறாமல். 1,750 டாலர் கட்டிவிட்டு அந்தப் பக்கத்தில் போய் நின்றால் அதற்குள் சீட் நிற்காது.